புரட்டாசி வெயிலும் முதல் மழையும்: விதைக்குமுன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

ஆவணி கழிந்து புரட்டாசி பிறந்த பின்னும் சித்திரையைப் போல வெயில் காய்வதை வல்லத்திராக்கோட்டை, வம்பன், ஆலங்குடி வட்டார உழவர்கள் பல ஆண்டுகளில் கண்டிருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மதுரையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைத் தாண்டியது. கோடையில் காணும் அளவு அது. இத்தகைய புரட்டாசிகளில் உழவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு. இந்த வெயில் ஐப்பசி மழை தவறப்போவதற்கு அறிகுறியா, அல்லது நல்ல மழை வரப்போவதற்கு அறிகுறியா என்பது ஒன்று. நேற்று மாலை இடியுடன் கொட்டிய மழையை நம்பி உளுந்து விதைக்கலாமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு, வெயிலை மட்டும் வைத்து உறுதியான விடை சொல்ல இயலாது. இரண்டாவது கேள்விக்கு விடை வானத்தில் இல்லை. உங்கள் வயலில் ஒரு சாண் ஆழத்தில் இருக்கிறது. இவை இரண்டையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

வெயிலுக்குக் காரணம் என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் ஏறக்குறைய பத்தரை டிகிரி வட அட்சரேகையில் அமைந்துள்ளது. ஆகவே சூரியன் ஆண்டுக்கு இருமுறை நமது தலைக்கு நேர் மேலே வருகிறது. ஏப்ரல் மாதத்தின் நடுப்பகுதியில் ஒரு முறை. ஆகஸ்டு மாதத்தின் கடைசி வாரத்தில் மறுமுறை. ஆவணி, புரட்டாசியில் காயும் வெயில் நமக்கு ஒரு சிறு கோடையே ஆகும். மேகமும் மாலை மழையும் இருக்கும் ஆண்டுகளில் அதன் கடுமை தெரிவதில்லை. அவை குறைந்த ஆண்டுகளில் வெயில் சுடுகிறது.

இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை உதிர்த்துவிட்டு, மலையை விட்டுக் கீழே இறங்கும்போது வறண்டும் சூடேறியும் நம் பக்கம் வருகிறது. பிற்பகலில் கிழக்கே கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றை இந்த மேல்காற்று தடுத்து நிறுத்திவிட்டால் அன்று வெப்பம் ஏறும். மேல்காற்று தளர்ந்து, கடல்காற்று உள்ளே புகுந்தால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் சூடான காற்று மேலெழுந்து, மேகம் திரண்டு, மாலையில் இடி மழை பெய்கிறது. வெப்பச் சலன மழை என்று வானொலியில் சொல்வது இதனைத்தான். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்ற முதுமொழி இந்த உண்மையை உணர்ந்தே சொல்லப்பட்டது.

இடி மழை வேறு, பருவமழை வேறு

மாலை இடி மழை மேற்கிலோ வடமேற்கிலோ கருத்து வரும். பலத்த காற்றுடன் ஒரு மணி நேரம் கொட்டும். பிறகு வானம் வெளுத்துவிடும். வல்லத்திராக்கோட்டையில் கண்மாய்க் கரை நனையும்போது, அடுத்த ஊரில் புழுதி பறக்கும். இன்று பெய்த இடத்தில் மறுபடியும் எப்போது பெய்யும் என்பதற்கு உறுதியில்லை.

வடகிழக்குப் பருவமழையின் தன்மை வேறு. மேல்காற்று நின்று, வாடையும் கொண்டலும் வீசத் தொடங்கும். மழை மாலையில் மட்டுமல்லாமல் இரவிலும் விடியற்காலையிலும் பெய்யும். ஊர் ஊராக இல்லாமல் பரவலாகப் பெய்யும். இப்பருவமழை சராசரியாக அக்டோபர் 20-ஆம் தேதியையொட்டித் தொடங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை இதை அறிவிப்பதற்குச் சில அளவுகோல்களை வைத்துள்ளது. தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரம் வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கடற்கரையில் கீழைக்காற்று நிலைபெற வேண்டும். அக்காற்று தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை வீச வேண்டும். கடலோரப் பகுதிகளில் மழை பரவலாகப் பெய்ய வேண்டும். இவை எல்லாம் அமைந்தாலும் அக்டோபர் 10-ஆம் தேதிக்கு முன் அறிவிப்பதில்லை. எனவே புரட்டாசி முதல் வாரத்தில் பெய்யும் இடி மழையைப் பருவமழையின் தொடக்கம் என்று எண்ணுவது தவறு.

வெயிலை வைத்து மழையைக் கணிக்கலாமா?

தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சராசரியாக 440 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இது. கடந்த சில ஆண்டுகளின் அனுபவத்தைப் பாருங்கள். 2024-இல் செப்டம்பர் வெயில் கடுமையாக இருந்தது; அக்டோபர் 15-ஆம் தேதி பருவமழை தொடங்கி, மாநில அளவில் இயல்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பெய்தது. அந்த ஆண்டு வெயிலைக் கண்டு மனம் தளர்ந்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஆனால் இதைக் கொண்டு, காய்ந்தால் பெய்யும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 2015-இல் அக்டோபர் 28-ஆம் தேதியும், 2016-இல் அக்டோபர் 30-ஆம் தேதியும் பருவமழை தொடங்கியது. இரண்டு நாட்களே வேறுபாடு. 2015-இல் சென்னையில் வெள்ளம் வந்தது. 2016-இல் மாநில அளவில் 62 விழுக்காடு மழை குறைந்து, கடும் வறட்சி ஏற்பட்டது. ஆகவே தொடங்கும் தேதியும் மழையின் அளவைச் சொல்லாது.

பசிபிக் கடலின் வெப்பத்தைக் கொண்டு சொல்லப்படும் எல் நினோ, லா நினா பற்றியும் உழவர்கள் இப்போது கேட்கிறார்கள். பொதுவாக எல் நினோ ஆண்டுகள் நமது வடகிழக்குப் பருவமழைக்குச் சாதகமாகவும், லா நினா ஆண்டுகள் சற்றுப் பாதகமாகவும் இருந்துள்ளன. 2015 எல் நினோ ஆண்டு. ஆனால் 2021 லா நினா ஆண்டாக இருந்தும் இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாக மழை பெய்தது. எனவே இவற்றை ஒரு சாய்வாக எடுத்துக்கொள்ளலாமே தவிர, வாக்குறுதியாகக் கொள்ளக்கூடாது.

வானிலை அறிவிப்பைப் புரிந்துகொள்ளும் முறை

வானொலியிலும் கைப்பேசியிலும் வரும் அறிவிப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. அது தெரியாததால்தான் 'மழை என்றார்கள், பெய்யவில்லை' என்ற மனக்குறை ஏற்படுகிறது.

'ஓரிரு இடங்களில்' என்றால் அப்பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை என்று பொருள். நான்கு ஊர்களில் மூன்று ஊர்கள் காய்ந்தே இருக்கலாம். 'ஒருசில இடங்களில்' என்றால் கால் பங்கு முதல் பாதி வரை. 'அநேக இடங்களில்' என்றால் பாதி முதல் முக்கால் பங்கு வரை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். மானாவாரி விதைப்புக்கு நம்பத்தக்கவை பின்னர்ச் சொன்ன இரண்டுமே.

அளவைப் பொறுத்தவரை, 24 மணி நேரத்தில் இரண்டரை முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் இலேசான மழை, 64.4 மில்லிமீட்டர் வரை மிதமான மழை; அதற்கு மேல் 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேற்பட்டது அதி கனமழை. மழையளவுக்கு ஒரு நாள் என்பது காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை ஆகும்.

அறிவிப்பு எத்தனை நாட்களுக்குரியது என்பதையும் கவனியுங்கள். முதல் மூன்று நாட்களுக்கான முன்னறிவிப்பு ஓரளவு துல்லியமானது. ஐந்து நாட்களுக்கு மேற்பட்டதைத் திட்டமிடுவதற்குப் பயன்படுத்தலாம். விதைப் பையைப் பிரிப்பதற்குப் பயன்படுத்த வேண்டாம். கைப்பேசி வைத்திருப்போர் 'மேகதூத்' செயலியில் தங்கள் மாவட்டத்துக்கான வேளாண் வானிலை ஆலோசனையைப் பெறலாம்.

ஒரு தவறும் அதில் கற்ற பாடமும்

பல ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் ஒரு புரட்டாசி. மூன்று வாரம் காய்ந்த பிறகு ஒரு மாலையில் நல்ல மழை. மறுநாள் காலையில் ஓர் உழவர் என்னை வழிமறித்து, விதைக்கலாமா என்று கேட்டார். சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. நான் வயலுக்குள் இறங்காமலே, 'தாமதம் வேண்டாம், விதையுங்கள்' என்று சொல்லிவிட்டேன். அவர் தோடு அடகு வைத்து விதை வாங்கி இரண்டு ஏக்கரில் உளுந்து விதைத்தார். அதன் பிறகு பதினாறு நாட்கள் மழை இல்லை. முளைத்தது பாதி, முளைத்ததும் கருகியது.

நான் சென்று பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. "சார், மழை மேலதான் பேஞ்சிருக்கு. அடியில நனையவே இல்ல. நான் மம்பட்டி போட்டுப் பாத்திருக்கணும். நீங்களும் பாக்கச் சொல்லியிருக்கணும்" என்றார். அவர் சொன்னதில் பாதித் தவறு என்னுடையது என்பது இருந்தது. அன்று முதல் மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் எவருக்கும் விதைக்கச் சொல்வதில்லை.

அன்று நடந்தது என்ன? காய்ந்து இறுகிய செம்மண்ணின் மேற்பரப்பில் வேகமாகக் கொட்டும் மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது. உள்ளே இறங்கிய சிறிதளவு ஈரத்தையும் வெயில் எடுத்துக்கொள்கிறது. இத்தகைய நாட்களில் நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் வரை நீர் ஆவியாகலாம். 20 மில்லிமீட்டர் மழையின் ஈரம் விதையிருக்கும் மேல்மண்ணில் மூன்று, நான்கு நாட்களுக்குமேல் தாங்காது. உளுந்து முளைத்து வெளிவருவதற்கே நான்கைந்து நாட்கள் ஆகும். விதையை முளைக்கத் தூண்டும் அளவுக்கு ஈரம் இருந்து, செடியைக் காப்பாற்றும் அளவுக்கு இல்லாமல் போவதே மிகப் பெரிய நட்டம். மண் முழுதும் காய்ந்திருந்தால் விதையாவது மிஞ்சும்.

ஈரம் பார்க்கும் முறை

மழை பெய்த மறுநாள் காலையில், வயலின் மேடு, பள்ளம், நடுப்பகுதி ஆகிய மூன்று இடங்களில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டவும். ஈரமண்ணும் உலர்ந்த மண்ணும் நிறத்தாலேயே பிரிந்து தெரியும். அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தவும். உருண்டை உதிராமல் நின்று, விரலால் தட்டினால் உடைந்தால் விதைக்கத் தகுந்த பதம். பிடித்தவுடன் பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது. விரலில் ஒட்டினால் ஒரு நாள் பொறுக்க வேண்டும். மூன்று இடங்களிலும் ஒரு சாண் நனைந்திருந்தால் மட்டுமே உழவு மழை என்று கொள்ளுங்கள்.

மழையை அளப்பதும் எளிது. பக்கங்கள் நேராக உள்ள ஒரு டப்பாவை மரமோ கூரையோ மறைக்காத திறந்தவெளியில் சாயாமல் வைத்து, காலையில் உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிக்கோலால் அளந்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். ஓர் அங்குல மழை, அதாவது 25 மில்லிமீட்டர், வழிந்தோடாமல் முழுதும் இறங்கினால் நமது செம்மண்ணில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழம் நனையும். ஆகவே ஒரு வாரத்துக்குள் மொத்தம் 40 முதல் 50 மில்லிமீட்டர் பெய்து, ஒரு சாண் ஈரமும் இருந்து, அடுத்த சில நாட்களுக்கு மழைக்கு வாய்ப்பும் அறிவிக்கப்பட்டிருந்தால் துணிந்து விதைக்கலாம்.

புரட்டாசிப் பட்ட உளுந்து

வம்பனிலுள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம் வெளியிட்ட வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 ஆகிய இரகங்கள் மஞ்சள் தேமல் நோயைத் தாங்குபவை. வெப்பமும் வறட்சியும் கூடும்போது இந்நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்கள் பெருகும் என்பதால், வெயில் மிகுந்த புரட்டாசியில் இரகத் தேர்வு மிக முக்கியம். இவை இரண்டரை மாதத்துக்குள் அறுவடைக்கு வருவதால், மழைக்காகச் சில நாட்கள் காத்திருப்பதால் பட்டம் தவறிவிடாது. அவசரப்பட்டு விதையை இழப்பதைவிடப் பத்து நாள் பொறுப்பது மேல்.

ஏக்கருக்கு 8 கிலோ விதை தேவை. காத்திருக்கும் நாட்களில் விதையைக் கடினப்படுத்தி வைக்கலாம். 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, கிலோ விதைக்கு 350 மில்லி கரைசல் வீதம் மூன்று மணி நேரம் ஊறவைத்து, பிறகு நிழலில் பழைய நிலைக்கு உலர்த்த வேண்டும். இவ்விதை குறைந்த ஈரத்திலும் சீராக முளைக்கும். விதைப்பதற்கு முன் டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராம் கலந்து, பின்னர் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து நேர்த்தி செய்யவும். வரிசைக்கு வரிசை ஓர் அடியும், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் இடைவெளி விடவும்.

முளைத்த பிறகு மழை நின்று செடி வாடினால், பி.பி.எஃப்.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசலை ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து காலையிலோ மாலையிலோ தெளிக்கலாம். இதனுடன் பூச்சிமருந்து கலக்கக் கூடாது. மஞ்சள் ஒட்டும் அட்டைகள் ஏக்கருக்கு ஐந்து வைக்கவும். தேமல் கண்ட செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிக்கவும்.

அறுவடைக்கு நிற்கும் நிலக்கடலை

ஆடியில் விதைத்த மானாவாரி நிலக்கடலை இவ்வேளையில் முற்றி வரும். நிலம் இறுகியிருக்கும்போது செடியைப் பிடுங்கினால் காய்கள் மண்ணிலேயே தங்கிவிடும். சில செடிகளைப் பிடுங்கி ஓட்டை உடைத்துப் பாருங்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து காய்களில் ஓட்டின் உட்புறம் கருத்திருந்தால் அறுவடைப் பருவம். கிணற்று வசதியுள்ளோர் இலேசாக ஒரு தண்ணீர் விட்டுப் பிடுங்கலாம். மற்றவர்கள் மாலை இடி மழையொன்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உளுந்து விதைக்கப் போதாத மழை கடலை பிடுங்கப் போதும்.

முற்றும் தறுவாயில் வெயிலும் வறட்சியும் தாக்கிய கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் பூசணம் எளிதில் பற்றும். ஆகவே பிடுங்கிய செடிகளைக் காய் மேலிருக்கும்படி கவிழ்த்து உலர்த்தவும். ஈரத்தோடு குவித்து வைக்க வேண்டாம். கறையான் அரித்த காய்களையும் வெடித்த காய்களையும் பொறுக்கி நீக்கவும். குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்கும் வரை காயவைத்த பிறகே மூட்டை கட்டவும்.

தென்னை

2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயலில் சாய்ந்த தோப்புகளில் மறுநடவு செய்த தென்னைகள் பல, இப்போது பாளை விடும் பருவத்தில் உள்ளன. புரட்டாசி வெயிலில் அவற்றை வாடவிட்டால் குரும்பை உதிரும். வட்டப்பாத்தியில் உரிமட்டையையும் காய்ந்த ஓலையையும் பரப்பி ஈரம் காக்கவும். வறண்ட நாட்களில் சுருள் வெள்ளை ஈயும் பெருகும். ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கவும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைக் கட்டவும். இப்பூச்சியை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பாற்ற, பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்கவும்.

உயிரும் முக்கியம்

இந்த மாலை மழைகள் மின்னலோடு வருகின்றன. மின்னல் கண்டு இடி கேட்பதற்குள் முப்பது எண்ண முடியாவிட்டால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே வேலையை நிறுத்தி வீட்டுக்குள் செல்லவும். புளியமரத்தடியிலும், பனையோரத்திலும், மோட்டார் கொட்டகை வாசலிலும் ஒதுங்க வேண்டாம். ஆடுமாடுகளையும் மரத்தில் கட்டி வைக்க வேண்டாம். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் கழித்து வெளியே வரவும்.

காயும்போதே வடிகால்

காய்ந்த பிறகு பெய்யும் மழை சில நாட்களில் கனமழையாகவே வரும். உளுந்து இரண்டு நாள் தேங்கிய தண்ணீரைத் தாங்காது. நிலம் காய்ந்திருக்கும் இந்நாட்களிலேயே சரிவுக்குக் குறுக்கே உழுது, வரப்பைச் செம்மைப்படுத்தி, வயலைச் சுற்றி வடிகால் எடுத்துவிடுங்கள். ஊர் கூடிக் கண்மாய்க்கு வரும் வரத்து வாரியில் மண்டிய செடிகொடிகளை அகற்றினால், வழிந்தோடும் முதல் மழையும் ஊருக்கு மிஞ்சும்.

உழவர் பெருமக்கள் ஐயம் ஏதும் இருந்தால் வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, தங்கள் பகுதி வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகவும். அல்லது 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் கேட்கவும். நாங்கள் முன்னறிவிப்பைச் சொல்ல முடியும். உங்கள் வயலில் எவ்வளவு ஈரம் இறங்கியிருக்கிறது என்பதை உங்கள் மண்வெட்டிதான் சொல்ல முடியும். இரண்டையும் கேட்ட பிறகு விதையுங்கள்.